செம்மண் கட்டிய பருப்பு

கரட்டுப்புதூர்,
நாமக்கல் வழி.
20-1-1986

தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா சௌந்திரம் எழுதுவது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே வந்துவிட்டது. போகட்டும்.

போன வருசம் மாசி மாதம் நீ வந்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, நம் வீட்டுத் துவரம்பருப்பில் இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டு அரக்கு வைத்துக்கொண்டு போனாயே, அந்தப் பருப்பில் மற்ற ஊர்ப் பருப்பைப் போல மூன்று பங்குக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது என்று உன் மச்சானுக்கு எழுதியிருந்தாய். அவர் அதை டீக்கடையில் படித்துக் காட்டிவிட்டார். "எங்க ஊட்டுப் பருப்புல இரும்பு கெடக்குதுங்க, ஐதராபாத்துல மிசின் வெச்சுப் பாத்துட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். இரண்டு பேர் விதை கேட்டு வந்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு விதையும் பெருமையும் இருக்கட்டும். நான் கேட்க வந்தது மருமகளைப் பற்றி. பாவாயிக்கு இது நாலாம் மாசம். முதல் பிள்ளை எட்டாம் மாசத்தில் மூச்சில்லாமல் பிறந்தது உனக்குத் தெரியும். அப்போதே பெரியாஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை, அடுத்த தடவை இப்படி விட்டால் தாய்க்கும் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது நர்ஸ் ராஜம்மாள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் பதினொன்று இருக்க வேண்டியது எட்டுதான் இருக்கிறது என்கிறாள். கறுப்பாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். இவள் முழுங்கினால் அரை மணி நேரத்தில் வாந்தி. நாலு நாளைக்குப் பிறகு வாந்தி நின்றது, நான் சந்தோசப்பட்டேன். பிறகு பார்த்தால் மாடு கட்டும் கட்டுத்தரைச் சந்தில் மாத்திரைகளைச் செருகி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "கொடலெல்லாம் பொரட்டுதுங்கத்தை" என்று சொல்லி அழுகிறாள்.

என் மகன் சென்னியப்பன் ஆயிரம் முட்டைக்கோழி வளர்க்கிறான். தீவனக் கம்பெனிக்காரர் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார். கோழிக்கு எத்தனை வாரத்தில் என்ன தீவனம், அதில் எந்தச் சத்து எத்தனை பங்கு என்று எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. இந்த வீட்டில் கோழிக்கு அட்டை இருக்கிறது, மருமகளுக்கு இல்லை. உன்னிடம் அந்த மாதிரி அட்டை மனுசருக்கு இருக்கிறதல்லவா. நம் பருப்பில் அவ்வளவு இரும்பு இருந்தால், மாத்திரைக்குப் பதில் பருப்பைக் கொடுத்தால் ஆகுமா? தினம் எவ்வளவு? கிராமில் எழுதாதே, ஆழாக்கில் எழுது.

அக்கா சௌந்திரம்


ஐதராபாத்
2-2-1986

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வராததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, ஆகையால் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்கச் சந்தோசமாக வைத்திருந்தது. இத்தனை வருசத்தில் நம் வீட்டில் என் வேலையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "கெமிஸ்ட்" என்றால் மருந்துக்கடை என்று மச்சான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வேலை இதுதான். சாப்பிடும் பொருள் ஒவ்வொன்றையும் பொடித்து, எரித்து, கரைத்து, அதில் என்னென்ன சத்து எவ்வளவு என்று அளந்து அட்டவணை போடுகிறோம். இதுவரை ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. அட்டவணை இல்லாத நாடுகள் எங்கோ விளைந்த கோதுமையின் எண்ணை எடுத்துத் தங்கள் குழந்தைகளுக்குச் சாப்பாடு திட்டமிட்டன. இப்போது வெளிநாட்டு உதவியோடு ஒரு ஏற்பாடு நடக்கிறது. ஆசியாவில் உள்ள ஆய்வுக்கூடங்கள் எல்லாம் தங்கள் வட்டாரத்து உணவை அளந்து, எண்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். பாங்காக்கில் ஒரு அலுவலகம் அவற்றைச் சேர்க்கிறது. ஜூன் மாதம் அங்கே கூட்டம். நம் நாட்டிலிருந்து புதிதாகப் போகும் நாற்பது பொருள்களில் ஒன்று "துவரம்பருப்பு, நாட்டு வகை, நாமக்கல் வட்டாரம்". அதில் எல்லோர் கண்ணிலும் பட்டது இரும்புதான். பழைய புத்தகத்தில் நூறு கிராமுக்கு ஐந்து மில்லிகிராம் சொச்சம். நம் பருப்பில் பதினெட்டு. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் பதினெட்டு. எங்கள் இயக்குநர் கைகொடுத்தார். கூட்டத்துக்கு என்னையே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி உங்கள் கேள்வி. ஓர் ஆழாக்குப் பருப்பு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம். அதில் இருபத்தேழு மில்லிகிராம் இரும்பு. பாவாயிக்கு வேண்டியதில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பருப்பைக் கொடுத்துப் பாருங்கள். தினம் ஓர் ஆழாக்கு, வழக்கமாகப் போடுவதற்கு மேல்.

அன்புடன்,
நாச்சிமுத்து


கரட்டுப்புதூர்
14-3-1986

தம்பிக்கு,

நீ சொன்னபடி ஒரு மாசத்துக்கு மேலாக மாத்திரை இல்லை. தினமும் வழக்கமான பருப்புக்கு மேல் ஓர் ஆழாக்கு அளந்து குண்டாவில் போடுகிறேன். ஒரு நாள் தவறவில்லை. ஊரில் அம்மை வந்த வாரத்தில்கூட பருப்புதான்.

நேற்று ராஜம்மாள் வந்து குத்திப் பார்த்தாள். ஏழரை.

எட்டாக இருந்தது ஏழரையாக இறங்கியிருக்கிறது. மாத்திரை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். என் தம்பி ஐதராபாத்தில் பெரிய வேலையில் இருக்கிறான், அவன் எழுதினான் என்றேன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "எனக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாதுங்க, இந்தப் புள்ளையோட கண்ணு தோலத் தூக்கிப் பாத்தா வெள்ளையா இருக்குது, அது தெரியுது" என்றாள்.

இப்போது எனக்கு ஒன்றுதான் மண்டையைக் குடைகிறது. பருப்பில் இரும்பு இருந்தது. நீ பார்த்தாய், மூன்று தடவை பார்த்தாய். அது குண்டாவுக்குள் போயிற்று, நான் போட்டேன். பாவாயி உடம்பில் வந்து சேரவில்லை. நடுவில் எங்கே போயிற்று? ஈயம் பூசிய பாத்திரம் இழுத்துக்கொள்ளுமா? வெந்த தண்ணீரில் போய்விடுமா? நான் தண்ணீரை இறுத்துக் கொட்டுவதில்லை, ரசம் வைத்துவிடுவேன். புளி சேர்ப்பதால் கெடுமா? ராத்திரி படுத்தால் இதே யோசனை. களத்தில் கொட்டிய தானியத்தில் ஒரு மூட்டை குறைந்தால் எலியா, ஆளா என்று தேடுவோமல்லவா, அப்படித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாவாயி ஆறாம் மாசத்தை எட்டிவிட்டாள். மாடி ஏணியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். சீக்கிரம் பதில் எழுது.

அக்கா


ஐதராபாத்
22-3-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கொஞ்சம் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். எண் தப்பில்லை. அளந்த கருவி போன மாதம்தான் சரிபார்க்கப்பட்டது. ஒரு நர்சம்மா கண் தோலைப் பார்த்துச் சொல்வதும் நான் மூன்று தடவை அளந்து சொல்வதும் ஒன்றாகுமா?

வேறு காரணங்கள் இருக்கலாம். வயிற்றில் பூச்சி இருந்தால் ரத்தம் குறையும். பருப்பில் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் ஏறாது, கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாக ஏறும். அதைச் செய்யுங்கள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்.

வேறு ஒரு உதவி. பாங்காக் அலுவலகத்திலிருந்து நீளமான ஒரு படிவம் வந்திருக்கிறது. எண்ணை மட்டும் அனுப்பினால் போதாதாம். அந்தப் பொருள் எந்த மண்ணில் விளைந்தது, அறுத்த பிறகு என்ன செய்தார்கள், எப்படிச் சேமித்தார்கள், அடுப்பில் ஏற்றும் முன் என்னென்ன செய்தார்கள் என்று இருபத்திரண்டு கேள்விகள். என் மேசையில் பலபேருடைய படிவங்களில் "இல்லை", "பொருந்தாது" என்றே எழுதியிருக்கிறது. நானும் அப்படித்தான் எழுதி முடிக்க இருந்தேன். பிறகு, கேட்பதற்கு ஆள் இருக்கும்போது ஏன் மழுப்புவது என்று தோன்றியது. கேள்விகளைத் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். உங்களுக்குச் சாதாரணமாகப் படுவதையும் விடாமல் எழுதுங்கள்.

நாச்சிமுத்து


கரட்டுப்புதூர்
4-4-1986

தம்பிக்கு,

உன் கேள்விகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். இந்தப் படிவத்தை எழுதியது யார்? சமைக்கத் தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். பதில்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். முக்கியமானதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஆறாவது கேள்வி, அறுத்த பிறகு என்ன செய்வீர்கள். துவரையைத் தட்டி எடுத்து, ஒரு பொழுது ஊற வைப்போம். கரட்டுக் குன்றடியிலிருந்து செம்மண் கொண்டுவந்து சலித்து, குழம்பு பதத்தில் கரைத்து, ஊறிய துவரையைப் போட்டுப் பிசறுவோம். செம்மண் கட்டுவது என்பது அதுதான். ஒவ்வொரு மணியும் சிவப்பாகிவிடும். ஒரு ராத்திரி குவித்து மூடி வைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போடுவோம். மண் கட்டினால்தான் தோல் கழன்று வரும், பூச்சியும் பிடிக்காது. நீ மாசி மாதம் வருவதாக எழுதியிருந்தாய், இது வெளிநாட்டுக்காரர் பார்க்கும் பருப்பு என்று எழுதியிருந்தாய், அதனால் போன வருசம் நான் வழக்கத்தைவிட நல்ல மண்ணாகப் பார்த்து இரண்டு தடவை கட்டினேன்.

ஏழாவது, எப்படி உடைப்பீர்கள். திருகையில். புடைத்துத் தோலை எடுத்த பிறகும் பருப்பில் சிவப்பு ஒட்டியிருக்கும். அதோடுதான் பானையில் போட்டு வைப்போம்.

பதினான்காவது, அடுப்பில் ஏற்றும் முன் என்ன செய்வீர்கள். கழுவுவோம். நாலு தண்ணீர். முதல் தண்ணீர் ரத்தம் மாதிரி வரும், இரண்டாவது செங்கல் நிறம், நாலாவது தெளிந்துவிடும். தெளிந்தால்தான் உலையில் போடுவோம். கழுவிய தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றுவோம்.

எழுதி முடித்த பிறகு பதினான்காவது பதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை முதல் தண்ணீரை மரத்துக்கு ஊற்றாமல் பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் காய்ந்து சிவப்புப் பொடி நின்றது. சென்னியப்பனின் ஓட்டை ரேடியோவுக்குள் இருந்த காந்தத்தை எடுத்து அதன்மேல் பிடித்தேன். பொடிக்குள்ளிருந்து கறுப்பாக மயிர் மயிராக எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

இப்போது நான் உன்னை ஒரு கேள்வி கேட்கிறேன். உன் படிவத்தில் இல்லாதது. மிசினில் போடும் முன் நீ அந்தப் பருப்பைக் கழுவினாயா?

அக்கா


ஐதராபாத்
12-4-1986

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்றா? வாந்தி வந்தால் சாப்பாட்டோடு சேர்த்துப் பாதிப் பாதியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஊசி இருக்கிறது, நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள். தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம்.

நான் கழுவவில்லை.

விதிமுறைப்படி, வந்த பொருளை அப்படியே பொடிக்க வேண்டும். கல்லும் தூசியும் பொறுக்கினேன். கழுவத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று நாலு நாளாக யோசிக்கிறேன். நம் வீட்டில் வருசா வருசம் செம்மண் கட்டிக் காயப்போட்டதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். சிவப்புப் பருப்பைப் பானையில் பார்த்திருக்கிறேன், மஞ்சள் பருப்பைத் தட்டில் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று நாற்பத்திரண்டு வயதுவரை நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தை வீட்டில் ஜானகியிடம் காட்டினேன். "பருப்பக் கழுவாம யாராவது சமைப்பாங்களா? இது தெரியாமத்தான் இத்தன படிச்சீங்களா?" என்று கேட்டாள். சிரித்தாள். பிறகு பாவாயி ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மீதம் இருந்த பருப்பை நாலு தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி அளந்தேன். ஐந்தரை. பழைய புத்தகத்து எண்ணேதான். நான் அளந்தது பருப்பை அல்ல, கரட்டு மண்ணை. அந்த மண்ணில் உள்ள இரும்பைத் தின்றாலும் உடம்பு பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. பதினெட்டு என்ற எண் ஏற்கெனவே பாங்காக் போய்விட்டது. அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் நகல் போயிருக்கும். இப்போது தப்பு என்று எழுதினால் என் பெயர் மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்தின் மற்ற முப்பத்தொன்பது எண்களையும் சந்தேகப்படுவார்கள் என்று பயமாக இருக்கிறது. இயக்குநரிடம் இன்னும் சொல்லவில்லை. எண்ணின் அடியில் "கழுவாத நிலையில்" என்று ஒரு குறிப்பு சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அது பொய்யும் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாச்சிமுத்து


கரட்டுப்புதூர்
21-4-1986

தம்பிக்கு,

தந்தி வந்ததும் வீட்டு முன்னால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். உன் மச்சான் பிரித்துப் பார்க்கப் பயந்துகொண்டு கையில் வைத்தபடியே நின்றார். தபால்காரர் மாதையன்தான் படித்துச் சொன்னார், "மாத்தரையத் தொடங்கச் சொல்லியிருக்குதுங்க, சாவு இல்லீங்க" என்று.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் ஏழு. டாக்டரம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி எழுதியிருக்கிறாள். பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சே கூடாது, ரத்தம் கொடுக்க இரண்டு ஆளைத் தயாராக வைத்திருங்கள் என்றாள். பாவாயி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அத்தை, இந்தத் தடவையும் போயிருமுங்களா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது கண்ணு என்றேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாயே, சொல்கிறேன். அடியில் குறிப்புப் போடுவதாக எழுதியிருக்கிறாய். அந்தக் குறிப்பை யார் படிப்பார்கள்? உன் கடிதத்தில் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் நானே படித்திருக்க மாட்டேன். பதினெட்டைத்தான் பார்த்திருப்பேன். நர்ஸ் சொன்னதை விட்டு உன் பேச்சைக் கேட்டது, நீ தம்பி என்பதால் இல்லை. எண் போட்டு எழுதியிருந்தாய், அதனால். இப்போது அந்த எண் ஊர் ஊராகப் போயிருக்கிறது என்கிறாய். அங்கே எந்த ஊரிலோ ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டு மருமகளுக்குப் பருப்பு அளந்துகொண்டிருப்பாள். அவளுக்கு ஐதராபாத்தில் தம்பி இல்லை, தந்தி வராது.

உன் பெயர் கெடும் என்று பயப்படுகிறாய். எனக்கும் அது கஷ்டம்தான். உன்னைப் படிக்க வைக்க நம் அய்யா மேட்டுக்காட்டை விற்றபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதை நீ மூடி வைத்தால் இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சௌந்திரம்


ஐதராபாத்
3-6-1986

அக்காவுக்கு,

கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதுவதற்குத் தகுதி வந்த பிறகு எழுதலாம் என்று ஆறு வாரம் காத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் இயக்குநரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எழுதி அனுப்பிவிடுங்கள்" என்றார். அடுத்த வாரமே, ஜூன் கூட்டத்துக்கு வேறொருவர் போவதாக ஆணை வந்தது. வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. விமானத்தில் போகும்போது போட்டுக்கொள்ள என்று ஜானகி தைக்கக் கொடுத்த கோட்டு அலமாரியில் தொங்குகிறது.

பாங்காக்குக்கு முழுவதையும் எழுதினேன். செம்மண், நாலு தண்ணீர், முருங்கை மரம், காந்தம், எல்லாம். எண்ணை நீக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது என்றுதான் எதிர்பார்த்தேன். போன வாரம் பதில் வந்தது. நீக்க வேண்டாம், இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் போடுகிறோம், கழுவும் முன் பதினெட்டு, கழுவிய பின் ஐந்தரை, சாப்பாடு திட்டமிடுகிறவர்கள் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதுகிறோம் என்கிறார்கள். பழைய நகல் போன இடங்களுக்கெல்லாம் திருத்தம் அனுப்பிவிட்டார்களாம். உங்கள் பதில்களைப் படித்த பிறகு மற்ற நாடுகளின் படிவங்களையும் தோண்டியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாடுகளில் தானியங்களின் இரும்பு சந்தேகப்படும்படி இருக்கிறதாம். ஒன்றில் களத்து மண், ஒன்றில் அரைக்கும் இரும்புத் தகடு. இனி சமைக்கிறவர்களிடம் நேரில் கேட்காமல் படிவத்தை நிரப்பக் கூடாது என்று விதி போடப் போகிறார்கள்.

பதினான்காவது கேள்விக்குப் பதில் எழுதியவர் யார், அட்டவணையில் பெயர் போடலாமா என்று கேட்கிறார்கள். உங்கள் சம்மதம் வேண்டும்.

இதெல்லாம் எழுதுகிறேனே ஒழிய, பாவாயி எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒரு வரி போடுங்கள். ஒரு கார்டு போதும்.

நாச்சிமுத்து


கரட்டுப்புதூர்
9-7-1986

தம்பிக்கு,

பாவாயி பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. இரண்டு கிலோவும் சொச்சமும். ஆனி பதினேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறந்தது. பிறந்த உடனே அழவில்லை, டாக்டரம்மா காலைப் பிடித்துத் தட்டிய பிறகு அழுதது. அந்த நேரம் நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பாவாயிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசிகள் போட்டும் எட்டரைக்கு மேல் ஏறியிருக்கவில்லை. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சென்னியப்பனுடையது சேரவில்லை. லாரிப் பட்டறையில் வேலை செய்யும் அம்மாசி வந்து கொடுத்தார். சாயங்காலம் கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டாள்.

ஆறு வாரம் உன் கடிதம் வரவில்லை என்று நானும் எழுதாமல் இருந்தேன். பிறகு வந்த கடிதத்துக்கும் ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. அது கோபம் இல்லை. பிரசவம் முடியாமல் எழுதப் பயமாக இருந்தது. நீ செய்தது பெரிய காரியம். உன் மச்சானும் சொன்னார். கூட்டத்துக்குப் போகாமல் போனது எனக்கும் வலிக்கிறது.

இனிதான் சொல்ல வேண்டியது இருக்கிறது. மூன்றாம் நாள் ராஜம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "தெனமும் என்ன சாப்புட்டே சாமி?" என்று பாவாயியைக் கேட்டாள். நான் முந்திக்கொண்டு ஆழாக்குக் கணக்கைச் சொன்னேன். "உங்களக் கேக்கலீங்க, அவளக் கேக்கறேன்" என்றாள்.

பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ரசம் ஊத்திச் சாப்புடுவனுங்க" என்றாள்.

"பருப்பு?"

"பருப்பு நல்லாக் கெட்டியா இருந்துதுங்களா, மாமாவும் அவரும் ரெண்டு தடவ ஊத்திக்குவாங்க. அத்தை காட்டுக்குப் போகணும், அவங்களுக்கும் போட்டுருவேன். அடியில இருந்தா நான் எடுத்துக்குவனுங்க."

"இருக்குமா?"

"சில நாளைக்கு இருக்குமுங்க."

தம்பி, நான் ஐந்து மாதம் அளந்து போட்டேன். குண்டாவுக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். இரும்பு எங்கே போயிற்று என்று தாம்பாளத்தில் தேடினேன், காந்தம் வைத்துத் தேடினேன். அது என் தட்டில் இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மருமகள் சாப்பிடுவது நம் பக்கத்து வழக்கம், நானும் அப்படித்தான் இருபது வருசம் சாப்பிட்டேன். ஆகையால் அது ஒரு கேள்வியாகவே எனக்குத் தெரியவில்லை. பருப்பைக் கழுவிப் பார்க்காதவன் என்று உன்னை மனதுக்குள் எத்தனை பேச்சுப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

பெயர் போட வேண்டாம் என்று எழுதிவிடு. அதற்குப் பதில் அவர்களிடம் ஒன்று கேள். இருபத்திரண்டு கேள்விக்குப் பிறகு இருபத்து மூன்றாவதாக, சமைத்ததை யார் யார், எந்த வரிசையில் சாப்பிட்டார்கள் என்று ஒன்று சேர்க்க முடியுமா? அதைக் கடைசியாகச் சாப்பிடுகிறவளிடம், மற்றவர்கள் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளாகப் பாவாயிக்குத்தான் முதல் தட்டு. உன் மச்சானும் சென்னியப்பனும் வெளியே காத்திருக்கிறார்கள். உன் மச்சான் இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார், நான் திரும்பவில்லை. பருப்பை ஊற்றிவிட்டு அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது. "நீங்க போங்கத்தை, நான் சாப்புட்டுக்கறேன்" என்கிறாள். தட்டு காலியாகும்வரை நான் எழுந்திருப்பதில்லை.

அக்கா சௌந்திரம்